கொல்லைப்புறத்து பேவர் தளம்: குட்டை, ஆட்டம், வெள்ளைப் பூச்சு... எதற்கு எங்கே பார்ப்பது?

ஐப்பசியில் இரண்டு நாள் சேர்ந்தாற்போல மழை பெய்தால் போதும், பேவர் தளத்தின் (காங்கிரீட் கற்களை மணல்மேல் அடுக்கிப் போடுகிற தளம்) யோக்கியதை தெரிந்துவிடும். சித்திரையில் போட்டு, வைகாசி முழுக்க அதில் நாற்காலி போட்டு டீ குடித்து, வந்தவர்களுக்கெல்லாம் காட்டிப் பெருமைப்பட்ட தளம் எங்களுடையது. மழை விட்ட மறுநாள் காலையில் பார்த்தால் நடுவில் ஒரு குட்டை. துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் கால் வைத்தால் 'டொக் டொக்'. ஓரத்தில் சுண்டுவிரல் நுழைகிற இடைவெளி. விருதுநகர் பக்கத்துக் கரிசல் பூமி, பத்துக்குப் பன்னிரண்டு அடி இடம், ஒன்றரை நாளில் முடித்துக் கொடுத்த வேலை. அதைப் பிரித்து நானே திரும்பப் போட ஆறு ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. அதன் பிறகு மச்சினர் வீடு, எதிர்வீடு, அலுவலக நண்பர் வீடு என்று ஏழெட்டுத் தளங்களைக் குனிந்து பார்த்தாகிவிட்டது.

எல்லா வீட்டிலும் முதலில் திட்டு வாங்குவது கல். "கல்லு சரியில்லை சார்." நான் பார்த்தவரை கல் சரியில்லாத வீடு ஒன்றே ஒன்றுதான். மற்றதில் எல்லாம் கோளாறு கல்லுக்கு அடியில், தண்ணீருக்குப் போக வழியில்லாமல் நின்ற இடத்தில் இருந்தது. மேலே நின்று யோசித்துக்கொண்டிருந்தால் இது தெரியாது. அதனால் கீழே எந்த அறிகுறி உங்கள் வீட்டோடு ஒத்துப்போனாலும் சரி, சிமெண்ட் மூட்டை வாங்குவதற்கு முன்னால் ஒரே ஒரு கல்லைத் தூக்கிப் பாருங்கள்.

ஒரு கல்லைத் தூக்குவது

கோளாறு இருக்கிற இடத்தின் நடுவில் ஒரு கல்லைத் தேர்ந்தெடுங்கள். பழைய ஆக்ஸா பிளேடு ஒன்றை எடுத்து, கல்லைச் சுற்றி நாலு பக்க இடுக்கிலும் விட்டு அறுப்பதுபோல் இழுத்து மணலை வெளியே கொண்டுவாருங்கள். மேலாகச் சுரண்டினால் போதாது. கல் 60 மி.மீ. என்றால் அந்த 60 மி.மீ. ஆழமும் காலியாக வேண்டும். அப்புறம் இரண்டு தட்டை ஸ்குரூ டிரைவர்களை எதிரெதிர் பக்கத்தில் செருகி, இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் என்று மாற்றி மாற்றி நெம்ப வேண்டும். நூல் நூலாக மேலே வரும். அரை விரல் அளவு வந்ததும் கையால் பிடித்துவிடலாம். முதல் கல்லுக்கு அரை மணி நேரம் ஆகும். அதற்கடுத்தது எல்லாம் பல்லாங்குழியில் சோழி எடுப்பதுபோல வரும். நிறையக் கல் எடுக்கப்போகிறீர்கள் என்றால் சாக்பீஸில் எண் போட்டு, போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாக் கல்லும் ஒரே அளவு என்று தோன்றும். திரும்ப வைக்கும்போதுதான் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் விளையாட்டுக் காட்டும்.

கல்லை எடுத்ததும் என்ன தெரிய வேண்டும்? 25 மி.மீ., மிஞ்சிப்போனால் 40 மி.மீ. கனத்தில் கொரகொரப்பான மணல். அதற்குக் கீழே குறைந்தது நாலு அங்குலம், களிமண் பூமியாக இருந்தால் ஆறு அங்குலமும் அதற்கு மேலும், பெரிய ஜல்லியிலிருந்து தூள் வரை கலந்து இறுக்கிய ஜல்லிப் படுகை. மணலை ஒதுக்கிவிட்டு அந்தப் படுகையில் ஒரு 8 மி.மீ. கம்பியைக் கையால் குத்திப் பாருங்கள். 'கிணுக்' என்று நின்றால் நல்லது. வெண்ணெயில் இறங்குவதுபோல இறங்கினால் அங்கேயே நோய் தெரிந்துவிட்டது.

எங்கள் வீட்டில் கம்பி இறங்கிய வேகத்தில் நானே விழப் பார்த்தேன். மணலுக்குக் கீழே ஜல்லியே இல்லை, நேராகக் கரிசல் மண்.

அறிகுறி: நடுவில் தண்ணீர் தேங்குகிறது

மழை நின்று அரை மணி நேரத்தில் வடிந்துவிடுகிற மெல்லிய ஈரத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். மறுநாளும் நிற்கிற தண்ணீர்தான் விஷயம்.

இதில் இரண்டு வேறு வியாதிகள் உண்டு. ஒன்று, ஆரம்பத்திலேயே வாட்டம், அதாவது தண்ணீர் ஓடுவதற்கான சரிவு, கொடுக்கவில்லை. இன்னொன்று, வாட்டம் இருந்தது, பிறகு இறங்கிவிட்டது. பிரித்துப் பார்க்க, வீட்டுச் சுவர் ஓரத்திலிருந்து வெளி ஓரம் வரை ஒரு நூலைத் தரையோடு தரையாக இழுத்துக் கட்டுங்கள். மட்டக் குழாயை வைத்து இரண்டு முனைக்கும் உள்ள உயர வித்தியாசத்தை எடுங்கள். அடிக்குக் கால் அங்குலம் வாட்டம் வேண்டும். பத்தடிக்கு இரண்டரை அங்குலம். கேட்டால் அதிகமாகத் தெரியும். "அவ்வளவு சரிச்சா நாற்காலி வழுக்கிட்டுப் போயிடும் சார்" என்று என்னிடம் சொன்னார்கள். போகாது. கண்ணுக்கே தெரியாது. அரை அங்குலம் ஒரு அங்குலம் கொடுத்துவிட்டு விட்ட தளங்களில் கல்லின் சொரசொரப்பே தண்ணீரைப் பிடித்து நிறுத்திவிடுகிறது.

முனைகளுக்கு இடையில் வாட்டம் சரியாக இருந்து, நடுவில் மட்டும் நூலுக்கும் கல்லுக்கும் இடைவெளி தெரிந்தால், அது இறக்கம். இறங்கிய இடத்தின் வடிவத்தைப் பாருங்கள், அது பாதிக் கதையைச் சொல்லும்.

வட்டமாக, தட்டுபோல இருந்தால் அந்த இடத்தில் படுகை பலவீனம், அல்லது மணல் கனம். மேஸ்திரிகள் செய்கிற பொதுவான வேலை இது: படுகையில் பள்ளம் இருந்தால் அதை மணல் போட்டு நிரப்பிவிடுவார்கள். போட்ட அன்று மேலே மட்டம் பிரமாதமாக இருக்கும். ஆனால் இரண்டு அங்குல மணலும் ஒரு அங்குல மணலும் ஒரே அளவு அமுங்காது. கனமாக இருக்கிற இடம் கூடுதலாக அமுங்கி, அடியில் இருந்த பள்ளம் அப்படியே மேலே வந்துவிடும். படுகையைத்தான் மட்டம் செய்ய வேண்டும். 3 மீட்டர் மட்டக்கோலை அதன் மேல் வைத்தால் அடியில் எங்கும் 10 மி.மீ.க்கு மேல் சந்து தெரியக்கூடாது.

வீட்டுச் சுவரை ஒட்டி நீளவாக்கில் ஒரு பட்டையாக இறங்கியிருந்தால், அது அஸ்திவாரம் தோண்டிய குழி. வீடு கட்டும்போது தோண்டிய மண்ணைத் திரும்பத் தள்ளி மூடியிருப்பார்கள், யாரும் இடித்திருக்க மாட்டார்கள். அது வருடக்கணக்கில் இறங்கிக்கொண்டே இருக்கும். இங்கே மேலாகச் சரிசெய்து பயனில்லை. இரண்டடி அகலத்துக்குக் கல்லை எடுத்து, இளகிய மண்ணை வெட்டிப் போட்டுவிட்டு, சரளை மண்ணை மூன்று நாலு அங்குலமாகப் போட்டு, தண்ணீர் தெளித்து, திமிசுக்கட்டையால் இடித்து, மறுபடி அடுத்த அடுக்கு என்று கொண்டுவர வேண்டும். ஒரேயடியாக ஒரு அடி மண்ணைக் கொட்டி மேலே இடித்தால் மேல் நாலு அங்குலம்தான் இறுகும்.

குறுக்கே நேர்கோடாக ஒரு பள்ளம் ஓடினால், அது குழாய்ப் பாதை. செப்டிக் டேங்குக்குப் போகிற பிவிசி குழாயோ, போர் மோட்டார் லைனோ. கல்லைத் தூக்கியதும் மண் சொதசொதவென்று இருந்தால் இடிக்க ஆரம்பிக்காதீர்கள், குழாய் ஒழுகுகிறதா என்று முதலில் பாருங்கள். மச்சினர் வீட்டில் ஒரே இடத்தை மூன்று முறை சரிசெய்த பிறகு, சமையலறைக் கழிவு நீர்க் குழாயின் ஒரு எல்போ ஒட்டாமலே செருகப்பட்டிருந்தது தெரிந்தது.

படுகை சரியானதும் மணல் விரிப்பதற்கு ஒரு எளிய வழி: 25 மி.மீ. எலெக்ட்ரிக்கல் பிவிசி குழாய் இரண்டை ஆறடி தள்ளித் தள்ளிப் படுகையின் மேல் கிடத்துங்கள். இடையில் மணலைக் கொட்டி, மட்டக்கோலை இரண்டு குழாய்கள் மேலும் வைத்து இழுத்தால் மிகச் சரியாக 25 மி.மீ. மணல் நிற்கும். குழாயை உருவிவிட்டு அந்தத் தடத்தைக் கரண்டியால் நிரப்புங்கள். இழுத்த மணல்மேல் கால் வைக்கக்கூடாது. வைத்த கல்லின்மேல் நின்றுகொண்டே அடுத்த கல்லை வைத்துக்கொண்டு போக வேண்டும்.

அறிகுறி: கல்லைத் தூக்கினால் மணல் இல்லை, சேறு இருக்கிறது

இது தனி அறிகுறி இல்லை. மேலே ஆட்டம், பள்ளம் என்று ஏதாவது ஒரு வேஷத்தில் வரும். ஆனால் நம் ஊரில் அதிகம் பார்ப்பது இதைத்தான், அதனால் தனியாகச் சொல்கிறேன்.

கல்லுக்கு அடியில் கிரஷர் தூளை (ஜல்லி உடைக்கிற இடத்தில் மிஞ்சுகிற கல்தூள்) போடுவது வழக்கமாகிவிட்டது. விலை குறைவு, காய்ந்திருக்கும்போது சிமெண்ட் மாதிரி இறுகி நிற்கும், போட்டவுடன் கல் அசையாது. ஆனால் அதில் மாவு அதிகம். மழைத் தண்ணீர் இடுக்கு வழியாக இறங்கினால் அந்த மாவு தண்ணீரை விடாமல் பிடித்துக்கொள்ளும். மேலே ஆள் நடக்க நடக்க, அடியில் அது கூழாகி இடுக்கு வழியாக மேலே பீய்ச்சும். மழைக்குப் பின் கல் இடுக்குகளில் சாம்பல் நிறக் கறை வழிந்திருந்தால் இதுதான்.

வீட்டிலேயே சோதிக்கலாம். ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு அந்தத் தூளைப் போட்டு, தண்ணீர் நிரப்பி, நன்றாகக் குலுக்கி வைத்துவிடுங்கள். நல்ல ஆற்று மணலோ, கழுவிய எம்-சாண்டோ (பாறையை உடைத்துச் செய்கிற மணல்) என்றால் ஒரு நிமிடத்துக்குள் அடியில் உட்கார்ந்துவிடும், தண்ணீர் லேசாகக் கலங்கியிருக்கும். தூள் என்றால் தண்ணீர் மோர் மாதிரி நிற்கும். மறுநாள் பார்த்தால் மணலுக்கு மேல் பாயசத்தில் ஆடை படிந்ததுபோல ஒரு தடித்த அடுக்கு. அந்த அடுக்கு விரல் கனம் இருந்தால் அது கல்லுக்கு அடியில் போகக்கூடாத பொருள். பூச்சு வேலைக்கு வாங்குகிற பி-சாண்டும் இதற்கு ஆகாது, ரொம்ப நைசு.

கிரஷர் தூளை வீணாக்க வேண்டாம். ஜல்லியோடு கலந்து கீழே படுகையில் போட்டால் அங்கே அது சந்துகளை நிரப்பி நல்ல வேலை செய்யும். படுகைக்கும் கல்லுக்கும் நடுவில் மெத்தையாகப் போடுவதில்தான் தப்பு.

அறிகுறி: கல் ஆடுகிறது, நடந்தால் சத்தம்

ஒன்றிரண்டு கல் மட்டும் ஆடினால் முதலில் இடுக்கைப் பாருங்கள். இடுக்கு மணல் போய்விட்டால் பக்கத்துக் கல்லோடு பிடிப்பு இல்லாமல் கல் தனியாள் ஆகிவிடும். காய்ந்த நைஸ் மணலைப் பெருக்கி நிரப்பினாலே பாதி ஆட்டம் நின்றுவிடும்.

தட்டினால் தேங்காய் மாதிரி காலிச் சத்தம் கேட்டு, தூக்கவும் மறுத்தால், அடியில் சிமெண்ட் கலவை வைத்திருக்கிறார்கள். டைல்ஸ் ஒட்டுவதுபோல நாலு மூலைக்கு நாலு உருண்டை வைத்துக் கல்லைப் பதித்த தளத்தை நான் பார்த்திருக்கிறேன். பேவர் என்பது கொஞ்சம் அசைந்து கொடுத்து நிற்கிற தளம். சிமெண்ட் அசையாது. கரிசலோ களிமண்ணோ மழையில் உப்பி வெயிலில் சுருங்கும்போது சிமெண்ட் உருண்டை உடையும், அதற்கு மேலே இருக்கிற கல் மேலும் கீழுமாக ஆடும். ஒவ்வொரு கல்லாக எடுத்து, ஒட்டிய கலவையைச் சுத்தியால் தட்டி எடுத்து, மணலில் திரும்பப் போடுவதுதான் வழி. சலிப்பான வேலை. பிள்ளைகளைக் கூட்டு சேர்த்துக்கொள்ளுங்கள், அவர்களுக்கு உடைக்கிற வேலை பிடிக்கும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. ஆடுகிற தளத்தைக் காட்டினால் பத்தில் எட்டுப் பேர் "இடுக்கெல்லாம் சிமெண்ட் பால் ஊத்திடலாம் சார், ஜென்மத்துக்கும் அசையாது" என்பார்கள். தண்ணீராகக் கரைத்த சிமெண்டைத்தான் பால் என்கிறார்கள். எங்கள் வீட்டிலும் சொன்னார்கள், நானும் சரி என்றேன். மூன்று மாதத்தில் பால் விரிசல் விட்டது, தண்ணீர் இறங்குவது நிற்கவில்லை, இறங்கியது மேலே ஏறிக் காய்வதுதான் நின்றது. கல்லைப் பிரிக்கும்போது ஓரம் ஓரமாக உடைந்து நாற்பது கல்லுக்கு மேல் வீணாயிற்று.

அறிகுறி: ஓரக்கல் விலகுகிறது, இடுக்குகள் அகலமாகின்றன

பேவர் தளத்துக்கு ஓரம்தான் பீப்பாயின் இரும்பு வளையம். அது இல்லாவிட்டால் நடமாட்டத்தில் கற்கள் வெளிப்பக்கமாக நகர்ந்துகொண்டே போகும். இடுக்கு 2 முதல் 4 மி.மீ. வரை இருக்கலாம், அதைத் தாண்டி அகன்றிருந்தால் ஓரத்தைப் பாருங்கள்.

ஓரமாக வைத்த செங்கல்லோ கெர்ப் கல்லோ வெறும் மண்ணில் நட்டிருந்தால் பயனில்லை. ஓரக்கல்லின் வெளிப்பக்கம் ஆறு அங்குல அகலத்துக்கு வெட்டி, கல்லின் பாதி உயரத்துக்கு மேல் வரும்படி காங்கிரீட்டைச் சரிவாக அணைத்துவிடுங்கள். மேலே மண் போட்டு மூடினால் புல் வளர்ந்துவிடும், வெளியே தெரியாது. தாழ்வான பக்கத்தில் மட்டும் நாலடிக்கு ஒரு இடத்தில் முக்கால் அங்குலக் குழாய்த் துண்டு ஒன்றை மணல் மட்டத்தில் வைத்து, உள்முனையில் துணி கட்டி விடுங்கள். அடியில் இறங்கிய தண்ணீர் போக வாசல் அது. இதை நான் முதலில் மறந்தேன். தொட்டி கட்டியதுபோல உள்ளே தண்ணீர் நின்றது.

விலகிய கற்களைச் சுத்தியால் அடித்து உள்ளே தள்ளப் பார்க்காதீர்கள். இடுக்கு மணல் அதற்குள் இறுகியிருக்கும், கல் மூலை உடையும். ஓரத்திலிருந்து மூன்று வரிசையை எடுத்துத் திரும்பப் போடுங்கள்.

அறிகுறி: இடுக்கு மணல் காணாமல் போகிறது

இடுக்கின் வாயில் சின்னச் சின்ன மணல் குவியல் இருந்தால் எறும்பு. மேல்தொட்டி வழிந்து விழுகிற இடத்தில் மட்டும் காலியானால் தண்ணீர்தான் அரித்தது. அந்த இடத்தில் ஒரு கருங்கல் பலகையைப் போடுங்கள், அல்லது வழிகிற குழாயைக் கீழே வரை இறக்குங்கள். பிரஷர் வாஷர் வைத்துத் தளம் கழுவுகிறவர்கள் முனையை இடுக்குக்கு நேராகப் பிடிக்காமல் சாய்த்துப் பிடிக்க வேண்டும்.

நிரப்பும்போது மணலும் கல்லும் இரண்டுமே எலும்பாகக் காய்ந்திருக்க வேண்டும். பங்குனி சித்திரை வெயில்தான் இதற்கு உகந்த காலம். ஈர மணல் இடுக்கின் மேல்வாயிலேயே அடைத்துக்கொண்டு கீழே காலியாக விட்டுவிடும், ஒரு மழையில் 'குபுக்' என்று இறங்கும். பெருக்குங்கள், காம்பாக்டர் (அதிர்ந்து அதிர்ந்து தரையை இறுக்குகிற இயந்திரம்) இருந்தால் அடியில் பழைய ரப்பர் விரிப்பைப் போட்டு ஒரு ஓட்டு ஓட்டுங்கள், மறுபடி பெருக்குங்கள். மூன்று தடவை.

அறிகுறி: கல்மேல் வெள்ளை பூத்திருக்கிறது

இதில்தான் மக்கள் அதிகம் பயப்படுகிறார்கள், அதிகம் கெடுத்தும் கொள்கிறார்கள். ஒரு துளி தண்ணீரும் ஒரு துளி வினிகரும் போதும் இதைக் கண்டுபிடிக்க. எலுமிச்சைச் சாறும் ஆகும்.

வெள்ளைமேல் தண்ணீரைத் தேயுங்கள். கரைந்து மறைந்து, காய்ந்ததும் திரும்ப வந்தால் அது உப்பு. தண்ணீரில் போகாமல், வினிகர் பட்டதும் நுரைத்தால் அது சுண்ணாம்பு.

சுண்ணாம்பு என்றால் கல்லிலிருந்தே வருகிறது. சிமெண்ட் இறுகும்போது மிச்சமாகிற சுண்ணாம்புச் சத்து, கல்லுக்குள் போன தண்ணீரோடு மேலே வந்து, காற்றில் இருக்கிற கரியமில வாயுவோடு சேர்ந்து வெள்ளையாகப் படிகிறது. புதுக் கல்லில் சகஜம். கல்லின் பலத்துக்கு இதனால் ஒன்றும் குறைவில்லை. மழையிலும் நடமாட்டத்திலும் ஒன்றிரண்டு வருடத்தில் தானாகப் போய்விடும். அவசரம் என்றால் காய்ந்த தென்னந்துடைப்பத்தால் தேய்த்துப் பெருக்குங்கள். பாத்ரூம் கழுவுகிற ஆசிட்டை ஊற்றினால் வெள்ளை உடனே போகும்; கூடவே கல்லின் மேல் தோலும் நிறமும் போகும், ஜல்லி பல்லிளிக்கும். எதிர்வீட்டுச் சிவப்புத் தளம் இப்போது அப்படித்தான், திட்டுத் திட்டாகச் செங்காமட்டை நிறத்தில்.

உப்பு என்றால் அது மண்ணிலிருந்தோ போர் தண்ணீரிலிருந்தோ வருகிறது. உவர் தண்ணீரால் தினமும் தளம் கழுவுகிற வீடுகளில் நிச்சயம் உண்டு. செங்கல் பதித்த தளமாக இருந்தால் இதைச் சாதாரணமாக விடக்கூடாது. உப்பு செங்கல்லுக்குள்ளேயே படிகமாகி, மேல் தோலைப் பொரிய வைத்து உதிர்த்துவிடும். ஈரத்தைக் குறைப்பதுதான் மருந்து: வாட்டம், அடியில் தண்ணீர் வடிய ஜல்லி, கழுவுவதற்கு மழைத் தண்ணீர். ஈரம் வருவதை நிறுத்தாமல் மேலே சீலர் (துளைகளை அடைக்கிற பூச்சு) அடித்தால் உப்பு உள்ளேயே அடைபட்டுக் கல்லைத் தின்னும்.

அறிகுறி: புல், கோரை, பாசி

இடுக்கில் முளைக்கிற புல்லில் பெரும்பகுதி கீழேயிருந்து வருவதில்லை. காற்றிலும் குருவி எச்சத்திலும் வந்த விதை, இடுக்கில் சேர்ந்த தூசியில் முளைக்கிறது. அதனால் அடியில் பாலிதீன் விரித்துப் பயனில்லை. இன்னும் மோசம், மேலேயிருந்து இறங்குகிற தண்ணீரை அது தேக்கி வைக்கும், மணல் எப்போதும் ஊறிக்கிடக்கும். பிரித்துப் போடும்போது பாலிதீன் இருந்தால் கிழித்து எறியுங்கள்.

கோரை மட்டும் விதிவிலக்கு. அதன் கிழங்கு மண்ணுக்குள் இருக்கிறது, குருத்து ஊசிமாதிரி எதையும் துளைத்துக்கொண்டு வரும். பிடுங்கினால் தண்டு கையோடு வரும், கிழங்கு கீழே சிரித்துக்கொண்டிருக்கும். கோரை உள்ள நிலத்தில் தளம் போடுவதற்கு முன்பே ஒரு அடி வெட்டிக் கிழங்கைப் பொறுக்கிவிடுவது நல்லது. போட்டுவிட்டவர்கள் அந்தப் பகுதிக் கல்லை எடுத்துத்தான் தோண்ட வேண்டும்.

பாசிக்கு நிழலும் ஈரமும் போதும். பிளீச்சிங் பவுடரைத் தண்ணீரில் கரைத்து, தெளிந்த நீரைத் தெளித்து, கால் மணி நேரம் விட்டுத் தேயுங்கள். செடி வேரில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஆசிட் வைத்திருக்கிற இடத்துக்குப் பக்கத்தில்கூட பிளீச்சிங்கைக் கொண்டுபோகாதீர்கள். இரண்டும் கலந்தால் வருவது குளோரின் வாயு.

அறிகுறி: கல்லே உடைகிறது, மேல்பகுதி உதிர்கிறது

தேங்காய் விழுந்து உடைந்த கல்லுக்குப் பரிகாரம் கிடையாது, மாற்றிக்கொள்ளுங்கள். இதற்காகவே வாங்கும்போது நூற்றுக்கு ஐந்து கல் கூடுதலாக வாங்கி, வீட்டுக்குள் அடுக்காமல் வெயிலும் மழையும் படுகிற இடத்தில் வையுங்கள். உள்ளே வைத்த புதுக்கல்லைப் பதித்தால் கிழவர் வாயில் தங்கப்பல் கட்டியதுபோலத் தெரியும்.

காரணமில்லாமல் உதிர்கிறது என்றால் சரக்கு மோசம். பேவர் கல்லுக்கு ஐஎஸ் 15658 என்ற இந்தியத் தர நிர்ணயம் இருக்கிறது. அதன் 2006-ஆம் ஆண்டுப் பதிப்பு, ஆள் நடக்கிற இடத்துக்கு 50 மி.மீ. கனத்தில் எம்-30 தரக் கல்லும் (எம் எண் காங்கிரீட்டின் பலத்தைக் குறிப்பது), லேசான வண்டி போகிற இடத்துக்கு 60 மி.மீ. கனத்தில் எம்-35 தரக் கல்லும் சொல்கிறது. தண்ணீர் உறிஞ்சுவது சராசரி 6 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. தனி ஒரு கல் 7 வரை போகலாம். இதைச் சமையலறைத் தராசில் பார்க்கலாம். 200-க்கு 100, 60 மி.மீ. கனமுள்ள கல் ஒன்று கிட்டத்தட்ட 2.8 கிலோ இருக்கும். நாலு நாள் நல்ல வெயிலில் காயவைத்து எடை போட்டு, 24 மணி நேரம் வாளியில் ஊறவைத்து, துடைத்துவிட்டு மறுபடி எடை போடுங்கள். 2.8 கிலோ 3 கிலோவைத் தொட்டால் 7 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. ஆய்வகத்தில் அடுப்பில் வைத்து உலர்த்தி எடை போடுவார்கள், வெயிலில் அவ்வளவு காயாது. அதனால் வீட்டுச் சோதனையிலேயே தோற்ற கல் அங்கே இன்னும் மோசமாகத் தோற்கும்.

செங்கல்லில் தளம் போட ஆசைப்படுகிறவர்கள் நாட்டுச் செங்கல்லை விட்டுவிடுங்கள். அது சுவருக்கு, பூச்சுக்குள் இருக்க வேண்டியது. நன்றாக வெந்த ஒயர்கட் செங்கல், ஒன்றோடொன்று தட்டினால் மணிச்சத்தம் வர வேண்டும்.

அறிகுறி: ஒரு பக்கம் மேலே தூக்குகிறது

மரம் பக்கத்தில் இருந்தால் வேர். தென்னைக்கு விரல் கனத்துச் சல்லிவேர்தான், பெரிதாகத் தூக்காது. வேம்பும் அரசும் தூக்கும். தடித்த வேரை வெட்டினால் அடுத்த புயலில் மரம் வீட்டுமேல் வரலாம். கல்லைக் கொஞ்சம் பின்வாங்கி மரத்துக்கு இடம் விடுவது மேல்.

மரம் இல்லாமல் மழைக்காலத்தில் மட்டும் தூக்கி, கோடையில் இறங்கினால் கரிசல். நான் செய்தது: ஒரு அடி கரிசலை வெட்டி எடுத்துவிட்டு, சரளை நிரப்பி அடுக்கடுக்காக இறுக்கி, மேலே ஜியோ டெக்ஸ்டைல் துணி (தண்ணீரை விட்டு மண்ணைத் தடுக்கிற துணி) விரித்து, அதன்மேல் ஆறு அங்குல ஜல்லிப் படுகை. இரண்டு மழைக்காலம் ஆயிற்று, இப்போதும் ஒரு மூலை கொஞ்சம் மூச்சு விடுகிறது. கரிசலோடு முழுக்க ஜெயித்துவிட முடியாது.

அறிகுறி: வீட்டுச் சுவரின் அடியில் ஈரம்

இதைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும். மற்றதெல்லாம் தளத்தின் பிரச்சினை, இது வீட்டின் பிரச்சினை. பழைய சிமெண்ட் தரைமேலேயே பேவரைப் போட்டு உயர்த்தியிருப்பார்கள். சுவரில் ஈரம் ஏறாமல் இருக்கப் போட்ட தடுப்பு அடுக்குக்குச் சமமாகவோ மேலாகவோ தளம் வந்திருக்கும். தளத்தின் மேல்மட்டம் அந்த அடுக்குக்கு 6 அங்குலமாவது கீழே இருக்க வேண்டும். வாட்டம் வீட்டைப் பார்த்து இருக்கிறதா என்றும் பாருங்கள். ஒரு வாளித் தண்ணீரைச் சுவரிலிருந்து மூன்றடி தள்ளி ஊற்றினால் அது எங்கே ஓடுகிறது என்பது தெரிந்துவிடும். வீட்டை நோக்கி ஓடினால் இந்த மழைக்கு முன்னால் பிரியுங்கள். முழுதும் பிரிக்கக் காசு இல்லையென்றால், சுவரை ஒட்டி ஒரு அடி அகலத்துக் கல்லை மட்டுமாவது எடுத்து, அங்கே கால்வாய் மாதிரி வாட்டம் கொடுத்து வெளியே கொண்டுபோங்கள். அந்தத் தண்ணீரை அடுத்த வீட்டுப் பக்கம் தள்ளாமல், 2003-லிருந்து தமிழ்நாட்டில் கட்டாயமாக இருக்கிற மழைநீர் சேகரிப்புக் குழிக்கே திருப்பிவிடலாம்.

அறிகுறி: ராத்திரியோடு ராத்திரியாக ஒரு கல் உள்ளே இறங்கிவிட்டது

நேற்று வரை மட்டமாக இருந்து, மழையும் இல்லாமல், காலையில் ஒரே ஒரு கல் நாலு அங்குலம் கீழே போயிருந்தால், பெருச்சாளி. தளத்தின் ஓரத்தில் எங்காவது புது மண் குவியல் இருக்கும், தேடிப் பாருங்கள். காங்கிரீட் அணைப்பு இல்லாத பக்கத்திலிருந்துதான் உள்ளே வரும். வளை வாயை மட்டும் அடைத்தால் அடுத்த ஜாமத்தில் பக்கத்தில் இன்னொன்று. இறங்கிய கல்லைச் சுற்றி ஆறேழு கல்லை எடுத்து, வளை போகிற வழியே கம்பியை விட்டுப் பார்த்து, அந்தப் பாதை முழுவதையும் மேலிருந்து திறந்து, சின்ன ஜல்லியும் உடைந்த பேவர் துண்டுகளும் போட்டு இடித்து நிரப்புங்கள். உள்ளே பெருச்சாளி இல்லை என்று தெரிந்த பிறகு நிரப்புங்கள். நான் அவசரப்பட்டு அடைத்துவிட்டேன். இரண்டு நாள் கழித்து வந்த நாற்றத்துக்காக அதே ஏழு கல்லை மூக்கில் துண்டு கட்டிக்கொண்டு மறுபடி தூக்க வேண்டியிருந்தது.